பேட்டரி பாயின் பாம் பாம்

மரக்காணத்தில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில், கரண்டைத் திட்டிக்கொண்டு கார் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் தெரு பேட்டரி பாய்தான். அவருக்கு முன்னால் இப்படி ஒருவர் இருந்ததில்லை. பின்னால் இருந்தாலும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

துபாய்க்குப் போய் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திரும்பியவர். எண்பதுகளின் கடைசியில், நான் எடை எழுதிக்கொண்டிருந்த உப்புக் கம்பெனியில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ள வந்தார். ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் தன் கையாலேயே கட்டி ஓட்டிய பேட்டரி கார் ஒன்று இருந்தது. அவர் ஊருக்குக் கிளம்பும்போது பாய் அதை வாங்கிவிட்டார். மீன் பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல இருக்கும். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் ஒருவரை மடித்து வைக்கலாம். தினமும் உப்பளத்துக்கு மடிந்து போனவன் நான்.

ஹாரன் அடித்தால் பேட்டரி குறையும் என்று பாய் ஹாரனையே கழற்றிவிட்டார். வண்டியிலோ ஒரு சத்தமும் கிடையாது. அதனால் ஜன்னலில் தலையை நீட்டி, "பாம்! பாம்!" என்று வாயாலேயே கத்துவார். உப்புக் கூடையோடு போகும் பெண்கள் திடுக்கிட்டு ஒதுங்கி, "இன்னா பாய், உசுரே பூடுச்சி" என்பார்கள்.

சண்டையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான். தெருவுக்கே ஒரே டிவி, டெய்லர் வீட்டில். சாயங்காலம் படம் ஓடும்போது பாய் காரைச் சார்ஜில் போட்டால் போதும், வோல்டேஜ் இறங்கி, திரையில் கதாநாயகி இரண்டு பக்கமும் ஒடுங்கிப் பென்சிலாகிவிடுவாள்.

"யோவ் பாய்! வயரப் புடுங்குய்யா! ஹீரோ பல்லி மாதிரி ஆயிட்டான்!"

"நான் நாளைக்கு வேலைக்குப் போவ வேணாமா?"

கடைசியில் தெருவே கூடி ஒப்பந்தம் போட்டது. படம் முடியும்வரை சார்ஜ் கிடையாது. அதற்குப் பதிலாக, படம் பார்த்தவர்களில் இரண்டு பேர் திங்கட்கிழமை சைக்கிளில் காரின் பின்னாலேயே வந்து, நிற்கும் இடத்திலிருந்து தள்ள வேண்டும். கார் உப்பளம் வரைக்கும் போகாமல் பாதியிலேயே நின்றால், உப்பளத்து ஆட்கள், "நேத்து படம் ரொம்ப நீளமா?" என்று விசாரிப்பார்கள்.

இந்தத் தள்ளலைப் பார்த்துப் பார்த்துத்தான் பாயின் மனைவி ஜெய்த்தூன் அக்கா அந்தக் காரில் ஏறவே இல்லை. "தள்றது ஒரு மானக்கேடு, நீங்க கத்துறது ரெண்டாவது மானக்கேடு" என்பார். அப்போதுதான் அக்காவின் தம்பிக்குக் கோட்டக்குப்பத்தில் நிக்காஹ் வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில். வண்டியில்தான் போக வேண்டும் என்று பாய் கெஞ்சினார்.

"சரி, வர்றேன். எங்கம்மா வூட்டாண்ட தள்ளிக்கினு போயி நின்னுச்சின்னு வைங்க, நான் அங்கியே இருந்துப்பேன். வண்டிகூட நீங்களே குடும்பம் நடத்துங்க."

முழுச் சார்ஜ் இருந்தால் கோட்டக்குப்பம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. வந்தபோது படம் ஆரம்பிக்கிற நேரம். படம் முடிந்து போட்டால் விடிவதற்குள் சார்ஜ் முழுசாக ஏறாது. பாய் சலுகை எதுவும் கேட்கவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. எங்களோடு வந்து டெய்லர் வீட்டில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் ஸ்டெபிலைசரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்துப் போட ஆரம்பித்ததும், படத்தின் பெயர் வருவதற்குள் டெய்லர் எழுந்து டிவியை அணைத்தார்.

"எல்லாம் எழுந்திருங்கப்பா. அக்கா நாளைக்கு வண்டியில போவுது. பாய், போயி வயர சொருவு."

பாய் அசையவில்லை. "படம்யா..."

"படம் வாராவாரம் வரும். பொண்டாட்டி வருவாங்களா?"

காருக்குக் கரண்ட் முழுசாகப் போகட்டும் என்று தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கையும் விசிறியையும் நிறுத்தினார்கள். வேறு வேலை இல்லாததால் எல்லாரும் காரைச் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்தோம். "ஃபைட்டு எப்பய்யா வரும்?" என்றது ஒரு குரல். அக்கா ஜன்னலில் நின்று சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

காலையில் கிளம்பினோம். தள்ளுவதற்கு ஒரு ஆள் என்று நானும் பின்னால் மடிக்கப்பட்டேன். "செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வா தம்பி, வெயிட்டு" என்றார் பாய். சீர் அண்டாவைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பினார். அது வழியில் எங்களைத் தாண்டிப் போனது.

பெரிய முதலியார்சாவடியில் வண்டி தளர ஆரம்பித்தது. நடப்பவர்களெல்லாம் எங்களை முந்தினார்கள். நான் மெல்லக் கதவில் கை வைத்தேன்.

"எறங்கின, கால ஒடச்சிடுவேன். ஒக்காரு" என்றார் அக்கா. பிறகு கண்ணை மூடி ஏதோ ஓதினார்.

வண்டி ஊர்ந்து ஊர்ந்து கல்யாண வீட்டு வாசலில் தானாகவே போய் நின்றது. தள்ளாமல்! ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தமே இல்லாமல் வந்த காரை யார் பார்ப்பார்கள்? எல்லாரும் பஸ்ஸில் வந்த அண்டாவைச் சுற்றி நின்றார்கள். பாயின் முகம் தொங்கிப்போய்விட்டது.

அக்கா பட்டுச் சேலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"பாம்! பாம்! பாம்!"

கல்யாண வீடே திரும்பியது.

இப்போது அதே சாலையில் சத்தமில்லாத கார்கள் எத்தனையோ போகின்றன. அன்று என்ன படம் போட்டார்கள் என்று எங்கள் தெருவில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்கும் அது தெரிய வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு கார் ஓசையின்றிப் பக்கத்தில் வரும்போது, உடனே ஒதுங்காமல் கொஞ்சம் நிற்கிறேன். யாராவது கத்தமாட்டார்களா என்று.