ஆஸ்பத்திரிக்குப் போன மஞ்சள் குஞ்சுகள்

நோயாளியிடம் பொய் சொல்ல ஒரு முகம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அது உண்டு. எனக்கு வாய்த்ததோ, வாய் திறப்பதற்கு முன்பே வியர்த்துவிடும் முகம். அப்படிப்பட்டவனைத்தான் அம்மா பொறுக்கி எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

எண்பதுகளில் நாங்கள் ஜோர்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். அண்ணன் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். லோரியை விட்டால் அவருக்குக் காக்கட்டியல்தான் உலகம். கிளி ஜாதி; தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. பின்கட்டில் கூண்டு கட்டி ஒரு ஜோடி வைத்திருந்தார். ஆண் சாம்பல் நிறம். பெட்டை வெளிர்மஞ்சள், சிவப்புக் கண். அந்த ரகத்துக்கு லுட்டினோ என்று பெயர். எந்த நிறத்துக்குள் எந்த நிறம் ஒளிந்திருக்கும், எது தாய்வழி, எது தகப்பன்வழி என்று அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் பாடம் எடுப்பார். நான் மீனில் முள் எடுப்பதில் கவனமாக இருப்பேன்.

அண்ணனுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. காலில் வந்த சின்னப் புண்ணைச் சப்பாத்துக்குள் மறைத்து மறைத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்தார். அப்போது கூண்டில் நான்கு முட்டை.

"டேய் சேகரு, தீனி போடு, தண்ணி மாத்து. வேற ஒன்னும் செய்யாத லா. முக்கியமா, யோசிக்காத!"

மறுநாளே யோசித்தேன். பெட்டையின் கொண்டைக்குப் பின்னால் பளிச்சென்று ஒரு வழுக்கை! என் பொறுப்பில் விட்ட மறுநாளே முடி கொட்டிவிட்டதே, அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன்? அம்மாவின் கரிசலாங்கண்ணி எண்ணெயை எடுத்துக் காலையும் மாலையும் தேய்த்தேன். (நானும் அதைத்தான் தேய்த்து வந்தேன். இன்று என் தலையைப் பார்ப்பவர்களுக்கு அந்த எண்ணெயின் மகிமை விளங்கும்.) மஞ்சள் ரகத்துக்குப் பிறவியிலேயே அந்த இடத்தில் முடி இருக்காது என்பது ஊரில் பறவை வளர்க்கும் எல்லாருக்கும் தெரியுமாம்.

எண்ணெய்த் தலையை இறகில் துடைத்துக்கொண்டு, அந்த இறகோடு பெட்டை அடைகாத்தது. முட்டைகள் நாளுக்கு நாள் பளபளத்தன. நல்ல ஆரோக்கியம் என்று பூரித்தேன். பொரிக்க வேண்டிய நாள் தாண்டியதும் ஒன்றை எடுத்துக்கொண்டு பறவைக் கடை முதலாளியான தவுக்கேயிடம் ஓடினேன். அந்தச் சீனர் முட்டையை விளக்கில் பிடித்தார். விரலைத் தேய்த்து முகர்ந்தார். முட்டை ஓடு வழியாகக் குஞ்சு மூச்சு விடுமாம். எண்ணெய் அதை அடைத்துவிட்டதாம். "சுடா மாத்தி லா," என்றார். செத்துப்போச்சு என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான்கும் போயின.

அன்று மாலை வார்டில் அண்ணனின் முதல் கேள்வி: "பொரிச்சிருச்சாடா?"

"மூணு குஞ்சுண்ணே!" என்றது என் வாய், என்னைக் கேட்காமலேயே. வியர்வைக்கு வார்டு வெக்கையின் மேல் பழி போட்டேன்.

அதன்பின் இல்லாத குஞ்சுகள் மாலைதோறும் வளர்ந்தன. கண் திறந்தன. இறகுகள் முளைத்தன. ஒன்றுக்கு லேசாக அஜீரணம்கூட வந்து குணமானது. வீட்டில் யாருக்கும் உண்மை தெரியாது. அண்ணிக்கு ஆஸ்பத்திரியே கதி, அம்மாவுக்குக் கூண்டு நாற்றம் ஆகாது.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் அண்ணியைத் தனியே அழைத்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். கால் போனால் லோரி போகும். லோரி போனால் அண்ணனில் மீதி என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு டாக்டரே சொல்லட்டும். இன்னிக்காவது நிம்மதியா இருக்கட்டும்," என்றார் அண்ணி. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அந்தக் குஞ்சுங்கள கொண்டுபோய்க் காட்டுடா. சந்தோஷப்படுவான்."

தவுக்கே கடைக்குப் பறந்தேன். அவர் முதலில் சாம்பல் குஞ்சுகளைத்தான் நீட்டினார். நான் ஏமாறுவேனா? தாய் மஞ்சள் என்றால் பிள்ளைகளும் மஞ்சள்தானே! அச்சு அசலாக மூன்றைப் பொறுக்கி, ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னில் வைத்து, மிஸ்ஸி கண்ணில் படாமல் வார்டுக்குள் நுழைந்தேன். (இங்கே தாதிகளை அப்படித்தான் கூப்பிடுவோம்.)

அண்ணன் மூடியைத் திறந்து சிரித்தார். ஒன்றைக் கையில் எடுத்துக் கண்ணைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இது நம்ம குஞ்சு இல்ல."

"அம்மா மாதிரியே இருக்குண்ணே..."

"அதாண்டா சொல்றேன். நம்ம சாம்பலுக்கும் மஞ்சப் பெட்டைக்கும் பொறந்தா ஆணும் சாம்பல், பொண்ணும் சாம்பல். மஞ்ச நெறம் ஆண் குஞ்சுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், வெளிய வராது. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பொரிச்சதும் சாம்பல்தான். எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

சொல்லியிருந்தார். நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெய், முட்டை, தவுக்கே எல்லாவற்றையும் கொட்டினேன். அடி விழும் என்று காத்திருந்தேன். அண்ணன் குஞ்சை மெதுவாக டின்னுக்குள் வைத்தார்.

"ரெண்டு வாரமா வாயாலதான் பொய் சொன்ன. இன்னிக்கு எதுக்குடா இவ்வளவு மெனக்கெட்ட?"

என் முகம் வியர்த்துக் கொட்டியது.

"எதுவரைக்கும் எடுக்குறாங்க?"

போர்வைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, கை வைத்துக் காட்டினேன். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டின்னுக்குள் குஞ்சுகள் பசியில் கத்தத் தொடங்கின. மிஸ்ஸி ஓடி வந்து எங்கள் நால்வரையும் வெளியே துரத்தினார்.

மறுநாள் டாக்டர் தொண்டையைச் செருமுவதற்குள், "எங்க கையெழுத்து போடணும்?" என்றாராம் அண்ணன்.

கால் போனது. லோரியும் போனது. மஞ்சள் குஞ்சுகள் மட்டும் பிழைத்து வளர்ந்தன, மூன்றும் வழுக்கையோடு. மூன்றுக்கும் அண்ணன் சேகர் என்றே பெயர் வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் நல்ல சேதி சொன்னாலும் அண்ணன் கேட்பது ஒன்றுதான்: "சாம்பலா, மஞ்சளா?" பரீட்சை முடிவானாலும் சரி, வந்த வரனானாலும் சரி.

போன மாதம் அவருடைய இன்னொரு காலில் ஒரு புண். பரிசோதித்துவிட்டு வந்ததும், "ஒன்னுமில்லையாம்," என்றார் அண்ணி. அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சேகரு, சாம்பலா, மஞ்சளா?"

"சாம்பல்ண்ணே."

கையை நீட்டி என் நெற்றியைத் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. பிறகுதான் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.