பாப்பாவின் பெல்ட்

"அக்கா பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டாங்களாம். பெல்ட்டைக் கழட்டு, ஜல்தி!" சகாயராஜ் பதறினான்.

"டாக்டர் கழட்டவே கூடாதுன்னாரு," என்றாள் அவன் மனைவி அமலா.

பாப்பாவுக்கு இரண்டு மாதம். இடுப்பு எலும்பின் குழி கொஞ்சம் ஆழம் குறைவாம். "லேசானதுதான், இப்பவே போட்டா சரியாயிடும்" என்று விழுப்புரத்து டாக்டர் தோளிலிருந்து பாதம்வரை வார் பூட்டி, கால்களைத் தவளை மாதிரி விரித்து வைத்திருந்தார்.

சகாயராஜின் கவலை எலும்பைப் பற்றியதல்ல. திண்டிவனத்து அக்கா ரோஜாவைப் பற்றியது. அவள் சிறுவயதிலிருந்தே நொண்டி நடப்பவள். போலியோ என்பார்கள். கல்யாணம் கூடி வரவில்லை. 'அத்தை மாதிரியே' என்று பெண்குழந்தைக்கு ஊர் பட்டம் கட்டிவிட்டால்? அக்கா வாயில் விழுந்த சேதி மறுநாளே திண்டிவனம் முழுக்கப் பரவிவிடும்.

அமலா அசையவில்லை. அவன் கம்பளியை எடுத்துப் பாப்பாவைச் சுற்றினான். சித்திரை வெயில். பாப்பா வியர்த்து வீறிட்டது.

உள்ளே வந்த ரோஜா திகைத்தாள். "ஏன்டா, இந்த வெயில்ல புள்ளையப் போத்திக்கினு நிக்கிற?"

"குளிர் ஜொரம்க்கா."

"ஐயையோ, ஆட்டோவக் கூப்பிடு! ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வேணாங்க்கா... இது அம்மை!"

அந்த ஒரு சொல் ஜன்னல் வழியாகப் போனதுதான் தாமதம், பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி ஒரு கட்டு வேப்பிலையோடு வந்து நின்றாள். "துணிய எல்லாம் அவுத்துட்டு இலை மேல படுக்க வைங்க!"

சகாயராஜ் பாப்பாவோடு குளியலறைக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டான். வார்களை அவிழ்த்தான். விரிந்திருந்த கால்களைச் சேர்த்து, நேராக இழுத்து, துண்டால் இறுக்கிச் சுற்றினான். பாப்பா அழுத அழுகையில் அவனுக்கே கண் கலங்கியது. வெளியே அமலா கதவை ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

கதவைத் திறந்தான். அவசரத்தில் இடுப்பில் செருகிய பெல்ட் லுங்கிக்கு வெளியே வால் போலத் தொங்கியது.

ரோஜா அதை உருவினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிருஷ்ணவேணியைப் பார்த்து, "அம்மையெல்லாம் இல்லம்மா, நீ போய்ட்டு வா," என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வாய்ல எதையும் வெச்சுக்க மாட்டியேக்கா," என்று அவன் முனகினான். "ஊரு பேசும்னுதான்..."

ரோஜா பெல்ட்டை அமலாவிடம் நீட்டினாள். "மாட்டு. அப்படியே டாக்டர் கிட்டப் போய்க் காட்டிட்டு வந்துடலாம்."

பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் போலியோவே வரலடா. எனக்கும் இப்படி ஒண்ணு போட்டாங்களாம், ஊரு பேசும்னு கழட்டி வெச்சுட்டேன்னு அம்மா சாவறப்பதான் சொல்லிச்சு."