சமையலறையில் ஆட்சி மாற்றம்

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஆட்சியைப் பிடித்தே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். பன்னிரண்டு வருடப் பொறுமை. ஒரு பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தால்கூட "அங்க என்ன வேலை?" என்று குரல் வரும். மானமுள்ளவன் எத்தனை நாள் தாங்குவான்?

ஆயுதம் தானாகவே கைக்கு வந்தது. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். காய்கறி, முட்டை, தேன் பற்றிய வேடிக்கைச் செய்திகள் அடங்கிய ஒரு புத்தகத்தைப் போன வாரம் மூன்று முறை படித்துத் திருத்தினேன். பிழைகள் போய்விட்டன. செய்திகள் மண்டையில் தங்கிவிட்டன.

"உனக்குத் தெரியாத அஞ்சு விஷயம் சொல்றேன்" என்றேன் மனைவியிடம். "சொல்லிட்டா இன்னையிலிருந்து சமையலறை என் பொறுப்பு."

"தோத்துட்டா?"

"ஆயுசுக்கும் மூடியைத் தொடமாட்டேன்."

"வாயால சொன்னா செல்லாது. செஞ்சு காட்டணும்."

பக்கத்து வீட்டுத் தையல்காரர் செய்தித்தாள் இரவல் வாங்க வந்தார். அவரையே நடுவராக உட்கார வைத்தோம்.

முதலில் முட்டை. தண்ணீரில் போட்டால் புதியது மூழ்கும், பழையது மிதக்கும். மனைவி முப்பது முட்டையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒண்ணை மட்டும் வெச்சு எப்படி நம்பறது?"

முப்பதையும் கழுவிப் போட்டேன். இரண்டு மிதந்தன.

"அட, எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. காது குளிர்ந்துபோயிற்று.

அடுத்தது வெங்காயம். குளிர வைத்து வெட்டினால் கண் அவ்வளவாக எரியாது.

"நேத்தே ரெண்டு கிலோ ஃப்ரிஜ்ல வெச்சிருக்கேன். ஆரம்பிங்க."

"ரெண்டு கிலோவா?"

"ஒண்ணு ரெண்டு வெட்டினா யாருக்குமே கண் எரியாதே சார்" என்றார் தையல்காரர்.

நடுவர் சொன்ன பிறகு அப்பீல் ஏது? உரித்தேன், வெட்டினேன். கண் கொஞ்சம்தான் கலங்கியது. அது ஆனந்தக் கண்ணீர் என்று சாதித்துவிட்டேன்.

தக்காளி காயல்ல, பழம் என்றேன். விதை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக நறுக்கிக் காட்டச் சொன்னாள். வேர்க்கடலை அவரை, பட்டாணிக்குச் சொந்தம் என்றேன். ஒரு முறம் நிறைய உரித்துச் சொந்தத்தை நிரூபித்தேன். தேன் சர்க்கரைபோல் உறைந்தாலும் கெட்டுப்போனதில்லை, வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும் என்றேன். அந்தத் தேன் பாட்டில் மேல்தட்டில் கடைசியில் இருந்தது. தட்டையே காலி செய்து துடைத்தால்தான் எட்டும். துடைத்தேன். தேன் இளகியது.

"அஞ்சுக்கு அஞ்சு. சாருக்குத்தான் வெற்றி" என்றார் தையல்காரர்.

அடேயப்பா, அந்த நிமிடம் இருக்கிறதே! தெருவில் ஊர்வலம் போகாத குறைதான். மனைவி முகத்தில் துளி வருத்தமில்லை. தோல்வியைக்கூட அழகாக ஏற்றுக்கொள்கிறாளே என்று எனக்கு அவள்மேல் பிரியம் பொங்கியது.

"நல்லதாப் போச்சுங்க" என்றாள். "மத்தியானம் எங்க அண்ணன் குடும்பம் எட்டுப் பேர் சாப்பிட வர்றாங்க."

"எப்போ முடிவாச்சு?"

"நேத்து சாயங்காலம்."

சுருக்கென்றது. ஆனாலும் ஜெயித்தவன் நான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் உத்தரவைப் போட்டேன்.

"சரி, முட்டைக் குழம்பு வெச்சிடு."

"நானா? என் பொறுப்பு போயிடுச்சே. நடுவரே சாட்சி."

தையல்காரர் தலையாட்டிவிட்டு, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனைவி ஏப்ரனைக் கழற்றி என் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். பிறகு கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

புதிய ஆட்சியாளனான நான் அடுப்பின் முன் நெடுநேரம் நின்றேன். கடைசியில் கேஸ் அடுப்பின் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவளிடமே கேட்டேன்.