கொடைக்கு எடுத்து வைத்த மருந்து

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சங்கிலிபூதத்தானுக்குப் பழைய மூச்சிழுப்பு முற்றிக்கொண்டு வந்தது.

முக்கூடலில் சாமியாடுவது அவர்தான். இருபது வருஷப் பாத்தியதை. இந்த முறை பாதி ஆட்டத்தில் மூச்சுக்குத் தவித்து உட்கார்ந்துவிட்டால் சாமியாடியின் வேல்கம்பு, அவருடைய சித்தப்பா மகன் பெருமாள்ராஜ் கைக்குப் போய்விடும். அவன் மாட்டுத்தொழுவில் இப்போதே ஆடிப் பழகுகிறான் என்று ஊரில் பேச்சு.

எல்லாம் தூசியால் வருவது என்று மனைவி சந்தனமாரி மெத்தையைத் தூக்கிவந்து அவர் முன்னாலேயே அடித்தாள். இழுப்பு ஒன்றரை மடங்கானது. காற்றைச் சுத்தம் பண்ண வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுக் கதவைச் சாத்தினாள். இரண்டு மடங்கானது. இருமி இருமி விலா வலிக்கிறதே என்று அவர் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். அதற்கப்புறம் எத்தனை மடங்கு என்று சொல்ல அவருக்கு மூச்சில்லை.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஸமீஹா எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டார். பேட்டை பீரோப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிற வேலை, வீட்டில் மனைவி சுற்றும் பீடியின் தூள், சாம்பிராணி, வலி மாத்திரை என்று எழுத எழுதத் தாள் நிறைந்தது. இத்தனை எதிரிகளுக்கு நடுவில் இத்தனை வருஷம் மூச்சு விட்டிருக்கிறோமே என்று சங்கிலிபூதத்தானுக்குத் தன் நெஞ்சின் மேலேயே பக்தி வந்தது.

பிறகு பழைய மருந்துச் சீட்டைப் புரட்டினார். "தினமும் இழுக்கச் சொல்லி ஆறு மாசம் முன்னாடியே இன்ஹேலர் மருந்து எழுதிருக்காங்களே, அது எங்க?"

"பீரோவுல இருக்கு டாக்டரம்மா. இன்னும் பிரிக்கல."

"ஏன்?"

"கொடைக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். புது வேட்டியோட சேத்து."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, இது இழுப்பு வந்தபின் எடுக்கிற மருந்து அல்ல, வராமல் இருக்கத் தினமும் எடுக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். உறிஞ்சும் முறையையும் நாலு தடவை செய்து காட்டச் சொன்னார்.

அன்று முதல் காலையும் மாலையும் கிழக்கே பார்த்து நின்று மருந்தை இழுத்தார். சந்தனமாரியின் பீடித்தட்டு அவள் தங்கச்சி வீட்டுக்குப் போனது. பட்டறையில் முதலாளியிடம் கேட்டுத் திருகு முடுக்கும் வேலைக்கு மாறினார்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு எங்கும் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தார். வாசலில் நின்று இன்னொரு மூச்சு இழுத்துப் பார்த்தார். அது அடிவயிறு வரை போனது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி, இவ்வளவு காத்தும் ஊர்ல எல்லாருக்கும் சும்மாவா கிடைச்சிக்கிட்டு இருந்திச்சி?"

சந்தனமாரியும் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

கொடை வந்தது. மத்தியானம் மேளம் உச்சத்துக்கு ஏற, சங்கிலிபூதத்தான் வேல்கம்பைப் பிடித்தார். கோயிலை மூன்று சுற்று ஆடி வந்தார். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, இருமவில்லை. இருபது வருஷத்தில் அப்படி ஒரு ஆட்டம் ஆடியதில்லை. பெருமாள்ராஜுக்கு முகம் சுண்டிப்போனது.

திருநீற்றுத் தட்டோடு வந்து கம்பீரமாக நின்றார். வழக்கமாக முண்டியடிக்கும் கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றது. வரிசையில் முதலாவதாக நின்ற பூக்காரி முத்துராணி மெல்ல முன்னால் வந்தாள். அவர் நெஞ்சுப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு மேளக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கூட்டி அடிங்க அண்ணாச்சி. வருஷா வருஷம் நெஞ்சுக்குள்ள சங்கு ஊதுமே, அதைக் காணோம். சாமி இன்னும் வரல."