சர்வரை நிறுத்திக் கிரைண்டரைப் போட்டவன்

ஒரு விஷயத்தைத் தானாகக் கற்றுக்கொண்டவனால் பெரிய ஆபத்து கிடையாது. அதை நாற்பது சொந்தக்காரர்களுக்கும் கற்றுக்கொடுக்கக் கிளம்புகிறானே, அவனைத்தான் கட்டிப்போட வேண்டும். என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் மரவள்ளிக்கிழங்கு. சங்கராபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற நான், எங்கள் நிலத்தில் விளைந்த கிழங்குக் குவியலைப் படமெடுத்து, ஒரு பெரிய கம்பெனியின் சமூக வலைத்தளத்தில் போட்டேன். ஆபாசப் படம் என்று சொல்லி என் கணக்கை முடக்கிவிட்டார்கள். (கிழங்கு தோலோடுதான் இருந்தது.) தாலுகா ஆபீசாக இருந்தால் மனு கொடுக்கலாம். இவர்களிடம் போய் எந்த ஜன்னலில் நிற்பது?

அந்த ஆத்திரத்தில்தான் முதலாளி இல்லாத வலைக் குழுக்களைப் பற்றிப் படித்தேன். ஆளுக்கொரு சின்ன சர்வர் வைத்துக்கொள்ளலாம். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எங்கிருந்தோ ஒருவன் நம் எல்லோரையும் விரட்ட முடியாது. படித்து முடித்த அன்றே கடையில் ஓரங்கட்டியிருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து சமையலறை அலமாரியில் வைத்தேன். கிரைண்டருக்கான பிளக் பாயின்ட் அங்கே பெரும்பாலும் சும்மாதான் இருந்தது.

"இன்னாங்க இது, பருப்பு டப்பா வெக்கிற எடத்துல?" என்றாள் என் மனைவி மகேஸ்வரி.

"நம்ம குடும்பத்தோட சுதந்திரம்."

"ஜாஸ்தி சத்தம் போடுதே உங்க சுதந்திரம்."

அதற்கு 'நம்ம வூடு' என்று பெயர் வைத்தேன். பெரிய கம்பெனியின் செயலியில் இருந்த எங்கள் குடும்பக் குரூப்பை விட்டு எல்லோரும் இங்கே வந்துவிட வேண்டும் என்று அறிக்கை விட்டேன். எல்லோரும் "சரிங்க" என்றார்கள். முதல் ஆளாக நான் பழைய குரூப்பிலிருந்து கம்பீரமாக வெளியேறினேன். எனக்குப் பின்னால் கூட்டமே வருகிறது என்றுதான் நம்பினேன். (திரும்பிப் பார்த்திருக்கலாம்.)

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் குமரேசன் மட்டும் போன் செய்தார். மகேஸ்வரியின் அண்ணன். "நீங்க சொன்னா கரெக்டாதான் இருக்கும் மாப்ள. நான் அப்பவே பழசுல இருந்து வெளிய வந்து இதுல சேந்துட்டேன்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மூன்று வயது மகள் நிலாவுக்குக் காது குத்து வந்தது. களமருதூரில் குலதெய்வக் கோயில். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். குமரேசனுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு மலையேறிப் போய் நேரில் சொல்லிவிட்டு வந்தேன். அதுவரை ஒரு குறையும் இல்லை.

முந்தின நாள் மத்தியானம் பூசாரியின் பங்காளி ஒருவர் தவறிவிட்டார். தீட்டு. கோயிலைப் பூட்டிவிட்டார்கள். விசேஷத்தை எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்கே மாற்றினோம்.

"அண்ணனுக்கு லைன் கெடைக்கலங்க. எப்படியாவது சொல்லிடுங்க" என்றாள் மகேஸ்வரி.

"போன் எதுக்கு? நம்ம சர்வர் எதுக்கு இருக்குது?" என்று, இடம் மாறிய செய்தியை 'நம்ம வூட்டில்' போட்டேன். சாயங்காலம் நாலு மணி. நாலு ஐந்துக்கு, மறுநாள் இட்லிக்கு நாலு படி மாவு அரைக்க வேண்டும் என்றாள். பொறுப்புள்ள கணவனாக நானே எழுந்து போய், சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிரைண்டரின் பிளக்கைச் சொருகினேன்.

செய்திதான் போய்விட்டதே என்று நினைத்தேன். அது எங்கும் போகவில்லை; அணைந்துபோன அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது. மற்றவர்களும் ஆளுக்கொரு சர்வர் வைத்திருந்தால் அதிலெல்லாம் ஒரு நகல் இருந்திருக்கும். ஒட்டுமொத்தக் குடும்பத்துக்கும் சர்வர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மாவு அரைத்து முடித்ததும் பிளக்கைத் திருப்பி மாட்டவும் மறந்துபோனேன்.

மறுநாள் பிள்ளையார் கோயிலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து இறங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா நம்ம சர்வரோட வேலைய" என்று மகேஸ்வரியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது குமரேசனிடமிருந்து போன்.

"மாப்ள, கோயிலு பூட்டிக் கெடக்குது. வரிசத் தட்டோட வேன்ல வந்து களமருதூர்ல நின்னுக்கினு இருக்கோம். ஒருத்தரையும் காணோமே?"

மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். "மத்தவங்களுக்குப் பழைய குரூப்புல நான்தான் போட்டேன். உங்களைத் தவிர ஒருத்தரும் அதை விட்டுப் போகலன்னு நெனச்சு, அண்ணனும் பாத்திருப்பாருன்னு இருந்தேன்" என்றாள்.

நாற்பது பேரில் என் பேச்சை நம்பியவர் ஒரே ஒருவர். அவரைத்தான் பூட்டிய கோயில் வாசலில் பலாப்பழமும் தேனுமாக நிற்க வைத்திருந்தேன். அவமானமாக இருந்தது.

மணி ஒன்பது பத்து. "பெரியப்பா மடியில வெச்சுக் குத்திடலாமே" என்று யாரோ சொன்னார்கள்.

"என் அண்ணன் மடியிலதான்" என்றாள் மகேஸ்வரி. அப்புறம் போனைப் பிடுங்கி, "அண்ணா, வேனைத் திருப்பு. நடுவுல தியாகதுருகத்துக்கு வா. நாங்களும் வர்றோம்" என்றாள்.

காது குத்தும் ஆசாரியை என் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டேன். குழந்தையோடு மகேஸ்வரி காரில். இட்லி அண்டா பின்னால் ஒரு லோடு ஆட்டோவில். பத்து பத்துக்குத் தியாகதுருகத்தில், ஒரு டீக்கடையின் வேப்பமரத்தடியில் இரண்டு பக்கமும் சந்தித்தோம். குமரேசன் பெஞ்சில் உட்கார்ந்து நிலாவை மடியில் வாங்கிக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இன்னா மாப்ள, செய்தி போட்டீங்களா இல்லையா?"

"போட்டேங்க மச்சான். அப்புறம் மாவு அரைச்சேன்."

அவர் சிரித்த சிரிப்பில் மடி குலுங்கியது. ஆசாரியின் கை அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டாவது காதுக்குப் போனது.

நான் இன்னும் பெரிய கம்பெனிப் பக்கம் திரும்பவில்லை. குமரேசனும் வெள்ளிமலைக் கடையில் சொந்தமாக ஒரு சர்வர் வைத்துவிட்டார், தனிப் பிளக்கில். என் செய்தியெல்லாம் இப்போது அங்கேயும் பத்திரமாக இருக்கிறது. ஆக, நான் அன்று சொன்ன தத்துவத்தில் தப்பே இல்லை.

ஆனால் நிலாவுக்கு ஒரு பக்கத் தோடு இன்னொன்றைவிட ஒரு நெல் அளவு மேலே நிற்கும். பள்ளிக்கூடத்தில் யாராவது ஏன் என்று கேட்டால், அவள் யோசிக்காமல் சொல்லும் பதில் இதுதான்: "எங்கப்பா கிரைண்டர் போட்டாரு."