மாப்பிள்ளை மீனைப் படிக்கட்டில் மறித்த படலம்

வாழ்க ஊசிமுனைக் கண்ணினாள்! வாழ்க கத்தரிக்கோல் ஏந்திய கையினாள், அளவுநாடாவே ஆரமாய் அணிந்த தோளினாள், இரண்டாம் மாடித் தையற்காரி! அவள் குளங்காத்த கதையைச் சொல்லப் புகுந்தேன். நாவே, குளறாமல் துணை நில்.

அவள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னும் பணிக்கென விரல்நீளத்தில் வந்து புகுந்த சக்கர் மீன், பாசியை மறந்து, பிற மீன்களின் தீனியையெல்லாம் தின்று, முழநீளம் வளர்ந்து, ஒரு வேலையும் செய்யாமல் விருந்துண்டு கிடந்தமையால் 'மாப்பிள்ளை' என்று பெயர் பெற்றது. பெயர் சூட்டியவர் அவள் கணவர், பேருந்து நடத்துநர், இளகிய நெஞ்சினர். தொட்டிக்குள் உடல் திருப்பக்கூட இடமின்றி அது தவிப்பது கண்டு உருகிய அப்பெருந்தகை, மனைவி தையல் எந்திரத்தில் மூழ்கிய வேளை பார்த்து, துணி ஊறவைக்கும் சிவப்பு வாளியில் அதை ஏற்றி, பின்புறக் குளத்தில் விட்டுவிடப் பூனைநடை நடந்தார்.

அந்தோ! அக்குளமே அவள் சன்னலின் செல்வம். நூல் கோத்துக் களைத்த கண்கள் இளைப்பாறுவது அங்கே துள்ளும் கெண்டைகளின்மேல்தான். அவற்றின்மேல் அவளுக்கு அப்படியொரு பாசம். மாப்பிள்ளை குடிபுகுந்தால் கரையைக் குடைந்து குடும்பம் பெருக்கி, கெண்டைகளின் முட்டையைக்கூட மிச்சம் வைக்காது.

வாளியின் பிடி கிரீச்சிட்டது. எழுந்தாள் வீராங்கனை! பாதி தைத்த பாவாடைத் துணி கையிலிருக்க, செருப்பும் அணியாது, படிகள் அதிர, கைப்பிடிக் கம்பி நடுங்க, தாவித் தாவி இறங்கி, திருப்பத்தில் வழிமறித்து முழங்கினாள்:

"நில்லுங்க! அந்த வாளி இன்னும் ஒரு படி இறங்கக் கூடாது!"

"பாவம்மா அது. திரும்பக்கூட இடமில்ல."

"அதுக்கு இடம் குடுத்தா, குளத்துல வேற யாருக்கும் இடம் இருக்காது!"

பற்றினாள் பிடியை, அவரும் விடவில்லை. வாளி இப்பக்கம் சாய்ந்தது, அப்பக்கம் சாய்ந்தது, அலை எழுந்தது. முள்துடுப்பு விரித்த மாப்பிள்ளை வானில் பாய்ந்து, படியில் வீழ்ந்து, ஒவ்வொரு படியாய் வழுக்கிக் குளத்தின் திசைநோக்கியே விரைந்தது. தடுக்கக் கைவைத்த கணவர் முள் குத்தி அலறினார். அவளோ பாவாடைத் துணியை வலையென வீசி, அதன்மேல் பாய்ந்து, சுருட்டி எடுத்து, வாளிக்குள் சிறைவைத்து, அவர் விரலையும் ஊதிவிட்டு, ஆணையிட்டாள்:

"தொட்டியில இருக்கிற மீனு, செடி, தண்ணி எதுவும் அந்தக் குளத்துப் பக்கம் போகக் கூடாது. இதை வித்த கடைக்காரர்கிட்ட நான் பேசறேன்."

குளம் பிழைத்தது; நடந்தது ஏதும் அறியாத கெண்டைகள் துள்ளின; அளவுநாடா வெற்றிமாலையாய் அசைய, ஈரப் பாவாடையே கொடியாய்ப் பறக்க, கணவர் வாளி சுமந்து பின்தொடர, படியேறினாள் குளங்காத்த கோமகள்.

கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து மீனை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதுவரை துணி ஊறவைக்க வாளி இல்லை.