இரண்டு குப்பி வெள்ளைப் பொடி

நோட்டைப் பார்த்ததும் சமையல்காரர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

அவர் அடுப்படிச் சமையல்காரர் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்து, மேலே உள்ள ஒன்பது ஆய்வகங்களும் கேட்கிற மருந்துப் பொருளையெல்லாம் தயாரித்துக் கொடுக்கும் வேதியியலாளர். மேல்மாடிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் அது.

காலையில் இரண்டு குப்பிகள் மேலே போயிருந்தன. ஒன்று இதய ஆய்வகத்துக்கு, இன்னொன்று வலிப்பு ஆய்வகத்துக்கு. இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளைப் பொடி. லேபிள் ஒட்டும்போது போனில் மனைவி திட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் இடப்பக்கம் இருந்த குப்பி இதயத்துக்கு என்கிறது நோட்டு. அவர் அதில் ஒட்டியதோ வலிப்பு லேபிள்!

"இன்னொரு தப்பு வந்தா வீட்டுலயே இருந்துக்கங்க" என்று இயக்குநர் போன மாதம்தான் சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் வேலை போச்சு. புது லேபிள்களை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினார்.

"தம்பி, அந்தக் குப்பியைக் குடுங்க. ஈரம் ஏறியிருக்கான்னு பாக்கணும்."

வலிப்பு ஆராய்ச்சியாளன் வெலவெலத்துப் போனான். "ஐயையோ! அப்ப போன மாசம் குடுத்தது?"

"அது... அதையும் பாத்துடலாம்."

"அதுக்கு முந்தின மாசம்?"

பொய் சொல்லத் தெரியாதவனுக்கு ஒரு பொய் பத்துக் குட்டி போடும். ஆராய்ச்சியாளன் குளிர்பெட்டியையே காலி செய்து, காலையில் வந்ததையும் சேர்த்துப் பதினாலு குப்பிகளை அவர் கையில் திணித்தான். அத்தனையும் கோட்டுப் பையில் கிலுகிலுக்க, அவர் இதய ஆய்வகத்துக்குள் பாய்ந்தார். அங்கே டாக்டரம்மா பொடியைக் கரைக்கக் குப்பியைத் திறந்துகொண்டிருந்தார்.

"நிறுத்துங்கம்மா! அது சரியா வரல. நல்லது கொண்டாந்திருக்கேன்." படியிலேயே லேபிள் மாற்றிய வலிப்புக் குப்பியை நீட்டினார்.

"ரெண்டு வருஷ உழைப்புண்ணே. இந்த எலிங்க போச்சுன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நம்பிப் போடலாமா?"

"கண்ணை மூடிட்டுப் போடுங்கம்மா."

இருபது எலிகளுக்கும் ஊசி போட்டாயிற்று. டாக்டரம்மாவிடம் திரும்ப வாங்கிய குப்பிக்கும் லேபிளை மாற்றி வலிப்புக்காரனிடம் சேர்த்தார். அவனும் தன் எலிகளுக்குப் போட்டுவிட்டான்.

போன உயிர் திரும்பி வந்தது. கீழே வந்து நாற்காலியில் விழுந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குப்பிகளை மேலே கொண்டுபோய்க் கொடுக்கும் அக்கா தண்ணீர் நீட்டினாள்.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"லேபிளை மாத்தி ஒட்டிட்டேன்க்கா..."

"அட, இதுக்கா இவ்வளவு பயம்? நோட்டைப் பாத்துக் காலையிலேயே நான் சரியா மாத்தி ஒட்டித்தானே சார் அனுப்பினேன்!"